லாய்டின் தொப்புக்கரடி

வாரிங்காவில் லாய்ட் பாஸ்கோவைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் சொன்னதை ஒருமுறையாவது நம்பி அசடு வழியாதவர்களும் இல்லை. முகத்தில் ஒரு கோடு அசையாது, குரலில் சிரிப்பு எட்டிப் பார்க்காது, மனிதர் பாட்டுக்குச் சரடு விடுவார். அறுபது வயது வரைக்கும் அந்த ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதே அதற்காகத்தான். சொல்லிக்கொள்ள வேறு பெருமை எதுவும் அவருக்குக் கிடையாது.

சின்ன வயதில் அவருக்குத் திக்குவாய். வகுப்பில் வாயைத் திறந்தாலே பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து சிட்னி வழியாக வந்து சேர்ந்த புதுப் பையனிடம், "அந்த மரத்துக்குக் கீழ நிக்காத, தொப்புக்கரடி விழும்" என்று சொல்லிப் பார்த்தார். அதிசயம், பொய் சொல்லும்போது நாக்கு திக்கவில்லை. பையன் அலறியடித்துக்கொண்டு ஓடினான். பள்ளிக்கூடமே சிரித்தது; முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிடித்துக்கொண்டதை அவர் விடவே இல்லை.

தொப்புக்கரடி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. அந்த நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும். பார்க்கக் கோலா மாதிரியே இருக்குமாம், ஆனால் பெரிதாம், மாமிசம் தின்னுமாம், மரத்து மேலிருந்து வெளியூர்க்காரன் தலையில் தொப்பென்று குதிக்குமாம். புதிதாக யார் வந்தாலும் இந்தக் கதையை அவிழ்த்துவிடுவது அங்கே ஒரு வழக்கம். பக்கத்தில் இருப்பவர்கள் காட்டிக்கொடுக்க மாட்டார்கள், கவலையோடு தலையாட்டுவார்கள். தப்பிக்க ஒரே வழி, ரொட்டியில் தடவுகிற வெஜிமைட் என்ற கறுப்புப் பசையைக் காதுக்குப் பின்னால் பூசிக்கொள்வது. நாம் காதில் பூச் சுற்றுகிறோம், அவர்கள் வெஜிமைட் தடவுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நிஜக் கோலாவால், பாவம், யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. தைலமரத்து இலையைத் தவிர வேறெதையும் அநேகமாக வாயில் வைக்காது. அதிலும் எல்லாத் தைலமரமும் ஆகாது. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த இலையில் சத்து குறைவு, விஷம் அதிகம். அதைச் செரிப்பதற்கே இருக்கிற தெம்பெல்லாம் செலவாகிவிடுவதால், மிச்சப் பொழுதெல்லாம் கிளை இடுக்கில் தூக்கம்தான். உருண்டை முகம், பஞ்சுக் காது, கட்டிக்கொள்வதற்கென்றே செய்தது போல இரண்டு கை. பார்க்கிற யாருக்கும் கைக்குழந்தை ஞாபகம் வந்துவிடும். வாரிங்காவின் எல்லையில் சிமெண்டில் ஒரு கோலா உட்கார்ந்திருக்கிறது, பேக்கரியில் பன் கூடக் கோலா முகத்தில்தான். லாய்டின் கொள்ளுத்தாத்தா காலத்தில் இதே ஆட்கள் தோலுக்காக அதைச் சுட்டு மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். அதை மட்டும் அந்தச் சிலைக்குக் கீழே யாரும் எழுதி வைக்கவில்லை.

லாய்டின் மனைவி கிளெனிஸ் அடிபட்ட கோலாக்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கிறவள். கார் மோதியது, நாய் கடித்தது, கண் புண்ணாகிப் பார்வை போனது என்று எதையாவது யாராவது கூடையில் வைத்துக் கொண்டுவந்து தருவார்கள். துணி துவைக்கிற அறை ஆஸ்பத்திரியாகிப் பல வருஷமாகிறது. அவள் காதுபட 'கோலாக் கரடி' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"அது வயித்துல பை வெச்ச பிராணி, கங்காரு வகை. கரடின்னு சொல்றவங்களுக்கு என் வீட்டுல டீ கிடையாது" என்பாள். நிஜமாகவே கொடுக்க மாட்டாள்.

இலை வெட்டிக்கொண்டு வருவது லாய்டின் வேலை. இளமையில் மர லாரி ஓட்டினார். அன்றைக்கு லாரி லாரியாக ஏற்றிப்போனதெல்லாம் கோலாக்களின் வீடு. மர மில்லை மூடிய பிறகு பள்ளிக்கூட பஸ், அதற்குப் பிறகு ப்ளூபெர்ரித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வேன். தினமும் வேலை முடிந்ததும் ஏணியும் அரிவாளுமாக மரம் மரமாகப் போய்த் துளிர் வெட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்திக் கொண்டுவருவார். ஊருக்குச் சரடு விட்டாலும் கிளெனிஸிடம் அவர் பொய் சொன்னதில்லை. அவளிடம் திக்கித் திக்கியே பேசுவார், அவளும் பொறுமையாகக் கேட்பாள்.

தோட்டம் குர்மேல் சிங்குடையது. அவனுடைய அப்பா பஞ்சாபிலிருந்து வந்து வாழை போட்டார், மகன் அதைப் ப்ளூபெர்ரியாக மாற்றினான். சின்னப் பையனாக லாய்டின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன். காய் பறிக்கத் தீமோர் தீவிலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்த வருஷம் வந்தவர்களில் அபிலியோ என்று ஒருவன். எர்மெரா மலையில் காபி பறித்தவன், இரண்டு பிள்ளைகளின் அப்பா. கூட வந்த பெண்கள் எல்லாரும் அவனைவிட இளையவர்கள். அவர்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதாக ஊரில் வாக்குக் கொடுத்திருந்தான்.

வேனில் முன் சீட்டு அவனுடையது. முதல் நாளே லாய்டை 'மாவுன்' என்று கூப்பிட்டான். அவர்கள் பாஷையில் அண்ணன். வீட்டிலிருந்து வந்த காபித்தூளில் டிகாஷன் போட்டு ஃபிளாஸ்கில் கொண்டுவந்து, முதல் கப்பை அவருக்குத்தான் ஊற்றுவான். லாய்டுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மாவுன் என்ற சொல் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளத்தான் வெட்கம்.

வசந்தம் பிறந்தது. ஆண் கோலாக்கள் ஜோடி தேடிக் கத்துகிற காலம். அந்தத் தூங்குமூஞ்சியின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று கேட்டாலொழிய நம்ப முடியாது. பன்றி உறுமலும் பழைய புல்லட் கிளம்புவதும் ஒன்றாகக் கேட்கும். ஒருநாள் காலையில் அபிலியோ கண் சிவந்து வந்து ஏறினான்.

"மாவுன், எங்க விடுதிக்குப் பின்னால மரத்துல என்னமோ உறுமுது. பொண்ணுங்க பயந்துபோய் ஒரே அறைல படுத்தாங்க. என்னது அது?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. கோலாதான் தம்பி, பொண்ணு தேடுது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்து, கார் பழுதென்று பெட்ரோல் பங்க் நெவில் பின் சீட்டில் ஏறியிருந்தான். கண்ணாடியில் அவன் கண் மின்னியது. கைதட்ட ஆள் இருக்கும்போது லாய்டால் சும்மா இருக்க முடிந்ததே இல்லை.

"உங்கிட்ட யாருமே சொல்லலையா தம்பி?" என்று வண்டியை மெதுவாக்கினார். "தொப்புக்கரடிப்பா. கோலா மாதிரியே இருக்கும். ஆனா பெருசு, செம்பட்டை முடி. தலைகீழா இறங்கி வரும்."

"ஆமாமா" என்றான் நெவில், துக்க வீட்டுக் குரலில். "போன வருஷம் ஒரு ஜெர்மன்காரன்… வேணாம், காலங்காத்தால எதுக்கு."

வெஜிமைட் விஷயத்தையும் லாய்ட் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நெவில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்ததும் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: "தரைல இறங்கிடுச்சுன்னா ஓடாத. ஓடினா பாயும். அது பாயறதுக்குள்ள நீ முந்திக்கணும்."

அபிலியோ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவன் ஊரில், இந்த மரத்தடியில் போகாதே என்று மூத்தவர் ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதைக் கேட்பது சொன்னவரைப் பொய்யர் என்பதற்குச் சமம். மறுநாள் அவன் காதுக்குப் பின்னால் கறுப்பாகத் தடவியிருந்தது. பெண்களுக்கும் தடவிவிட்டிருந்தான். அந்த வாரம் முழுக்கப் பப்பில் லாய்டுக்கு யாரோ ஒருவர் பீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நெவில் வேலையை விட்டுவிட்டு வேன் நிற்கிற இடத்துக்கு வந்து அபிலியோவின் காதை மோந்து பார்த்து, "ரொட்டி இருந்தா கொண்டாங்கப்பா" என்றான். அபிலியோவும் கூடச் சேர்ந்து சிரித்தான். எதற்கென்று தெரியாத சிரிப்பு அது. லாய்ட் அதைப் பார்த்தார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார், நாளைக்கு என்பது வரவே இல்லை.

ஒருநாள் அந்தி மயங்குகிற நேரத்தில் கிளெனிஸுக்குப் போன் வந்தது. தோட்டத்துப் பாதையில் ஒரு கோலாவை யாரோ அடித்துவிட்டார்கள். லாய்ட்தான் வண்டி ஓட்டினார்.

மரம் விட்டு மரம் மாறத் தரையில் இறங்கிய தாய்க் கோலா அது, முதுகில் குட்டி. வேலைவிட்டு நடந்து வந்த பெண்களைக் கண்டு மிரண்டு சீறியிருக்கிறது. அதே நேரம் மேலே எங்கேயோ ஆண் ஒன்று உறுமியிருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் தெரிந்தது ஒரு பெரிய முதுகும் இரண்டு தலையும். அபிலியோ பெண்களைப் பின்னால் தள்ளிவிட்டு, வலை கட்டுகிற இரும்புக் கம்பியை எடுத்து முந்திக்கொண்டான்.

கிளெனிஸ் மண்டியிட்டுத் தாயின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். உயிர் இல்லை. குட்டி மட்டும் முடியைப் பற்றிய பிடியை விடாமல் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நகமாக எடுத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

"யார் அடிச்சது?" என்று கேட்டாள்.

அபிலியோ கையைத் தூக்கினான். கம்பி இன்னும் கையிலேயே இருந்தது.

"ஏன்? உன்னை என்ன பண்ணுச்சு இது? ஏன்?"

அவன் லாய்டைப் பார்த்தான். பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை; பெரியவர் வந்துவிட்டார், அவர் பேசுவார் என்று காத்திருந்தான். அவன் காதுக்குப் பின்னால் கறுப்பு, டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தது. லாய்ட் குனிந்து கூடையை எடுத்தார், நிமிரவில்லை.

வீட்டில் கிளெனிஸ் குட்டிக்கு ஒரு கோலா பொம்மையைக் கொடுத்தாள், சுற்றுலாக்காரர்கள் வாங்கிப்போகிற சாதாரணப் பஞ்சுப் பொம்மை. அம்மா இல்லாத குட்டிக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அது பொம்மையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"எப்படிப்பட்ட மனுஷன் லாய்ட் இவன்? தினம் உன் பக்கத்துலதானே உக்காந்து வர்றான். உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

"தெ… தெ… தெரியல" என்றார். மனைவியிடம் அவர் சொன்ன முதல் பொய். அதிலும் நாக்கு திக்கியது.

ஊர் கொதித்தது. கோலாவை அடிக்கிறவன் நாளைக்குக் குழந்தையை அடிப்பான் என்றாள் பேக்கரிக்காரி. பப்பில் எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டியது நெவில். காதை மோந்து பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்து, இந்த ஆட்களை ஏன்தான் விடுகிறார்களோ என்று பேசினார்கள். லாய்ட் உள்ளே வந்ததும் நெவில் அவரை ஓரமாக இழுத்துப் போனான்.

"நீ வாயைத் திறக்காத. அவன் எப்படியும் ஊருக்குப் போறவன். நாமதான் இங்க குப்பை கொட்டணும்."

"அ… அவன் ஒ… ஒண்ணும்…"

"நாம ஒண்ணும் அடிக்கச் சொல்லலையே?"

முந்திக்கணும் என்று சொன்னது யார்? லாய்ட் கிளாஸைத் தொடாமல் எழுந்து வந்தார். தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அதற்கப்புறமும் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஏணி மேல் ஏறி நின்று துளிர் வெட்டும்போது, யாரும் இல்லாத இடத்தில், "நான்தான் சொன்னேன்" என்று சொல்லிப் பார்த்தார். 'நா… நா…' என்பதைத் தாண்டிப் போகவில்லை. அறுபது வயதில் சின்னப் பிள்ளை மாதிரி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆள் அனுப்புகிற ஏஜென்சி அபிலியோவைத் திருப்பி அனுப்ப முடிவு செய்துவிட்டது. இனி எந்த வருஷமும் அவன் வர முடியாது. விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட லாய்டைத்தான் வரச்சொன்னான் குர்மேல். பெட்டி அடுக்குகிற ஷெட்டில் எல்லாரும் நின்றிருந்தார்கள். கிளெனிஸும் வந்திருந்தாள், குட்டியை நெஞ்சோடு ஒரு துணிப்பையில் சுமந்திருந்தாள். கோபம் கொஞ்சம் ஆறி, அவன் வாயால் காரணம் கேட்கலாம் என்று வந்தவள்.

"கடைசியாக் கேக்குறேன்ப்பா" என்றான் குர்மேல். "நீ காரணம் சொன்னா நான் ஏஜென்சிக்காரங்களோட சண்டை போடறேன். எதுவுமே சொல்லாம நின்னா நான் என்ன பண்றது?"

அபிலியோ தொப்பியைக் கழற்றினான். போகிற நாளிலும் காதுக்குப் பின்னால் தடவியிருந்தான்.

"தப்பு என்னோடதுதான். மாவுன் லாய்ட் எல்லாம் சரியாத்தான் சொன்னாரு. தொப்புக்கரடி தலைகீழா இறங்கும், செம்பட்டையா இருக்கும்னு. நான் அடிச்சது பின்பக்கமாத்தான் இறங்குச்சு. சாம்பல் நெறம். அதப் பாத்தே நான் புரிஞ்சிருக்கணும். இருட்டு, பொண்ணுங்க வேற பின்னால. அவசரப்பட்டு நல்லதை அடிச்சுட்டேன். அவரு எங்க உசுரக் காப்பாத்தச் சொன்னாரு, நான்தான் கெடுத்துட்டேன். அவரு பேரு கெடக் கூடாதுன்னுதான் பேசாம இருந்தேன்."

உள்ளூர் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். அவன் லாய்டின் பக்கம் திரும்பினான்.

"மாவுன், நான் போனப்புறம் நீங்கதான் இவங்களப் பாத்துக்கணும். அடிக்கடி தடவ மறந்துடறாங்க. நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்."

லாய்டுக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

"அ… அப்படி ஒ… ஒண்ணு… இ… இல்ல தம்பி" என்றார். "தொ… தொ…" அந்த ஒரு சொல், ஆயுள் முழுக்க வழுக்கிக்கொண்டு வந்த சொல், இப்போது வர மறுத்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. "தொப்புக்கரடி இ… இல்ல. கி… கிடையவே கிடையாது. நா… நான் சும்மா… சி… சிரிக்கறதுக்காக. மு… முந்திக்கணும்னு சொன்னதும் ந… நான்தான். நெ… நெவிலைச் சிரிக்க வெக்க."

அபிலியோவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. தீமோர்ப் பெண் ஒருத்தி அவன் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னாள். அவன் கை காதுக்குப் பின்னால் போனது. ஒரு விரலால் வழித்து அந்தக் கறுப்பைப் பார்த்தான். பிறகு அந்தப் பெண்களைப் பார்த்தான். அவர்கள் காதில் தன் கையால் தடவிவிட்டதெல்லாம் அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கைக்குட்டையை எடுத்துக் காதை அழுத்தித் துடைத்தான். முகம் சிவந்திருந்தது. தப்பு செய்தவரைவிட அதிகமாக அவன்தான் கூசி நின்றான், அதுதான் லாய்டால் தாங்க முடியாததாக இருந்தது.

"கரடின்னா சொன்ன, லாய்ட்?" என்று கேட்டாள் கிளெனிஸ். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. துணிப்பையை அணைத்துக்கொண்டு வெளியே போனாள்.

குர்மேல் மட்டும் பக்கத்தில் வந்தான். "எங்க அப்பாகிட்டயும் இதையே சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? ஒரு கோடை முழுக்கக் குடையோட வாழைத்தோட்டத்துக்குப் போனாராம். ஊரே சிரிச்சுதாம். அம்மாதான் சொன்னாங்க. அவரு சாகற வரைக்கும் அந்தக் குடையப் பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல."

லாய்டுக்கு ஞாபகம் இருந்தது. நல்ல சரடு என்று பல வருஷம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

குர்மேல் ஏஜென்சியோடு சண்டை போட்டான். லாய்ட் கூடப் போய், அதிகாரிகள் முன்னால் திக்கித் திக்கி எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். பாதியில் ஒருவர் சிரித்துவிட்டார், அதையும் வாங்கிக்கொண்டார். அபிலியோ தங்கினான். குட்டி தேறியது, பொம்மையை விட்டுத் துளிருக்கு வந்தது. கிளெனிஸ் லாய்டோடு பேசினாள், ஆனால் டீ அவரே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பப்பில் எப்போதாவது யாராவது, "ஒண்ணு எடுத்து விடு லாய்ட்" என்று கேட்டால் அவருக்குத் திக்க ஆரம்பித்துவிடும். கொஞ்ச நாளில் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

வேன் வழக்கம்போல ஓடியது. விஷயம் முடிந்த மறுநாள் லாய்ட் முன் சீட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள், கடைசியில் அபிலியோ. அவன் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று லாய்டுக்குத் தோன்றியது. அவன் தொப்பியைக் கழற்றி மரியாதையாகத் தலை குனிந்தான்.

"குட் மார்னிங், மிஸ்டர் பாஸ்கோ" என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டிப் பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தான்.